வெட்டியது இருக்கட்டும்

புதன்கிழமை மூன்று மணி.
உரக்கடை மாடியில் நாலு பிள்ளைகள், நான்.
யாருக்கும் பள்ளிக்கூடம் கிடையாது,
அதனால் மணியும் கிடையாது.
கொரடாச்சேரியில் நின்று கிளம்பும் ரயில்தான்
வகுப்பு முடிந்ததென்று சொல்லும்,
அதுவும் அதன் இஷ்டத்துக்கு.

மூன்று பேரை வீட்டில் யோசித்து நிறுத்தினார்கள்,
வீட்டிலேயே படிக்கட்டும் என்று.
பூவேந்தன் ஏன் நின்றான் என்று
நான் கேட்கவில்லை.

எனக்கு முப்பத்தொன்று. ஆசிரியை இல்லை.
கும்பகோணத்து அச்சகத்தில் ஆறு வருஷம்
கல்யாணப் பத்திரிகையிலும் கருமாதிப் பத்திரிகையிலும்
ஒற்றுப்பிழை பார்த்தவள்.
அச்சகம் மூடியபோது மிஞ்சியது
ஒரு பெட்டி சிவப்புப் பேனா.

பழைய பாட்டு ஒன்றைப் பலகையில் எழுதினேன்.
ஒரு நாரை, ஒரு குளம், கலங்கிய தண்ணீர்.
பேசுகிறவள் தன் கோபத்தைப் பற்றி
வாயே திறக்கவில்லை.
"கோபம் எங்கே?" என்றேன்.
"நாரையில்" என்றாள் ஹசீனா.
"தண்ணியில" என்றான் அருள்தாஸ்.
பூவேந்தன் நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னான்:
"வராத ஆள் மேல.
அவன்தான் பாட்டுக்குள்ளயே இல்லையே."
அன்று ரயில் போனதே தெரியவில்லை.

மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல்
என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன்.
தலைஞாயிற்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும்
நறுமுகை கை தூக்கினாள்.
"எங்க வயலு இறால் குட்டையாயிடுச்சு.
இப்ப நாங்க எந்தத் திணை?
அம்மா அப்பாகிட்ட ஊடணுமா,
உக்காந்து இரங்கணுமா?"
குறிப்பு நோட்டைப் புரட்டுவதுபோல் நடித்தேன்.

வீட்டுப்பாடம் என்றதும் சிரித்தார்கள்:
"எங்களுக்கு எல்லாமே வீட்டுப்பாடம்தானே!"
சரி, எதைச் சொல்ல ஆசையோ
அதை மட்டும் விட்டுவிட்டு ஒரு பக்கம், என்றேன்.

ஹசீனா குவைத்திலிருந்து வந்த பெட்டியின்
கயிற்று முடிச்சுகளை மட்டும் எழுதினாள்.
அருள்தாஸ் மிதிவண்டி டியூபைப் பற்றி
ஒன்றரைப் பக்கம், மிக மோசமாக.
பூவேந்தன் நாலு வரி:

*ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் மும்முனைக் கரண்ட்.
டார்ச்சில் பேட்டரி இல்லை.
அப்பா மோட்டார் போடப் போனார்.
போனார்.*

கடைசிச் சொல்லை வெட்டினேன்.
ஓரத்தில் "கூறியது கூறல்" என்று குற்றத்தின் பெயரும் எழுதினேன்,
அழகான கையெழுத்தில்.
ஜன்னலுக்கு வெளியே வெட்டாறு.
யாரோ ஒரு காலத்தில் வெட்டிவிட்டதால் ஓடுகிற ஆறு.
வெட்டினால் எதுவும் ஓடும் என்றுதான்
நானும் நினைத்தேன்.

நோட்டை மூடி வைத்துவிட்டுப் போனான்.
அடுத்த புதன் வரவில்லை.
அதற்கடுத்ததும்.

ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்தது.
தூரத்தில் எங்கோ ஒரு மோட்டார் இரைந்தது.
மணி பார்த்தேன். ரெண்டு.
எழுந்து உட்கார்ந்தேன்.
முதல் "போனார்" வரப்பு வரைக்கும்.
இரண்டாவது
என்று ஆரம்பித்து, அதற்கு மேல்
விளக்கவுரை எழுத வரவில்லை.

அச்சகத்தில் ஒரு குறி உண்டு.
தப்பாக வெட்டிவிட்ட சொல்லுக்கு அடியில்
வரிசையாகப் புள்ளி வைப்போம்.
வெட்டியது இருக்கட்டும் என்று பொருள்.
ஆறு வருஷத்தில் நான் அதை
பத்துத் தடவைகூட வைத்ததில்லை.

மூன்றாம் புதன் வந்தான்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
அருள்தாஸ் நகர்ந்து பாயில் இடம் விட்டான்.
நோட்டைத் திறந்தவன்
சிவப்புப் புள்ளிகளை விரலால் தொட்டு எண்ணினான்.
"மூணு எழுத்துதானே டீச்சர்,
நாலு புள்ளி இருக்கு."

"மூணு கீழே, என்னோடது.
மேலே, ர் தலையில இருக்கிறது
நீ வச்சது."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
அப்புறம் பக்கத்தைத் திருப்பினான்.
நறுமுகை ஆரம்பித்தாள்:
"டீச்சர், என் கேள்வி இன்னும் அப்படியே நிக்குது."