கை எட்டிய வரை

ஜூலை பதினைந்து, பிற்பகல் மூன்று மணி.
நாம்சோஸ் படகுத்துறைக்குப் பின்னால்
முன்சக்கரத்தின் மேல் சாவியை வைத்துவிட்டு
பஸ் ஏறிப் போயிருந்தாள் ஓத்னி.

ஒன்பது வருடமாக இப்படித்தான்.
கோடையின் முன்பாதி அவளுக்கு, பின்பாதி எனக்கு.
ஒரே மோட்டார்ஹோம், இரண்டு சகோதரிகள்,
பேச்சுவார்த்தை கிடையாது.
அப்பாவின் படகுக் கொட்டகையை விற்ற காசில் தொடங்கியது.
காசு எப்போதோ தீர்ந்துவிட்டது.

விதி ஒன்றே ஒன்று: கழுவித்தான் கொடுக்க வேண்டும்.
அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு பட்டியல்,
அவளுடைய நேர்கோட்டு எழுத்தில்.
டிக் அடித்துத் தேதி போட வேண்டும். வேறெதுவும் எழுதுவதில்லை.

அவள் கழுவினால் குறை சொல்ல முடியாது.
எனக்கு அதுதான் குறை.
ஒரு வருடம் ஜன்னல் ரப்பரில் மூன்று பைன் ஊசிகள் கிடைத்தன.
உறையிலிட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன்,
ஏதோ வழக்குக்குச் சாட்சி போல.

இந்த முறை
முன்கண்ணாடியில் பூச்சிகள் அப்பிக் கிடந்தன.
கூரையில் கடற்காக எச்சம் காரையாய் இறுகியிருந்தது.
கழிவறைக் கேசட் முக்கால்வாசி நிறைந்து கனத்தது.
பட்டியலில் ஒரு டிக் இல்லை.
ஏணியைக் கட்டிய வார்கூட
போன செப்டம்பரில் நான் போட்ட முடிச்சோடு அப்படியே.

‘அப்படியா சங்கதி’ என்றேன், வண்டிக்குள் யாருமில்லாமலே.

கோபத்தைப் போல அழுக்கெடுக்கும் சோப்பு கிடையாது.
நனைத்த துண்டைக் கண்ணாடியில் போர்த்தி ஊறவிட்டேன்.
காய்ந்த பூச்சியைச் சுரண்டினால் பெயின்ட்டும் சேர்ந்து வரும்.
கூரைக்கு ஏறி, வெடித்த ஓரங்களைத் தடவிப் பார்த்தேன்.
தண்ணீர்த் தொட்டியில் சிட்ரிக் அமிலம் கரைத்து
குழாய் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன்.
கேசட்டைக் காற்றுக்கு முதுகு காட்டித் திறக்க வேண்டும்.
அதை ஒரு முறை தவறாகச் செய்தால்
ஆயுசுக்கும் மறக்காது.

பிறகு உள்ளே வந்தேன்.
மாலை வெயில் சாய்ந்து விழுந்தபோதுதான் கண்ணில் பட்டது,
சுவரைச் சுற்றி ஒரு கோடு.
வெள்ளம் வடிந்த வீட்டில் இருக்குமே, அது போல.
ஆனால் தலைகீழாக:
கோட்டுக்கு மேலே தூசி,
கீழே துடைத்த பளபளப்பு.
அடுப்பு மேடை கண்ணாடி மாதிரி.
கீழ் இழுப்பறைகளின் மூலையில்கூட ஒரு துணுக்கு இல்லை.
மேல் அலமாரிகளில் எண்ணெய்ப் பிசுக்கு.
கோடு என் தோளுக்குக் கொஞ்சம் கீழே ஓடியது.
நாங்கள் இருவரும் ஒரே உயரம்.

குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பி.
வாசல்படி ஓரமாக இன்னொன்று.
கட்டிலின் தலைமாட்டில் கயிற்று வளையம்.
எதுவும் போன வருடம் இல்லை.
ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில்
குறி தப்பிய துளைகள், இரண்டு, மூன்று.
கதவுக் கீலை மட்டப்பலகை வைத்து அளந்து மாட்டுகிறவள் ஓத்னி.

அந்தப் பூச்சிகள் காராஷோக் பக்கத்துக் கொசுக்கள்.
அவ்வளவு வடக்கே எதற்குப் போனாள்,
இந்தத் தோளோடு, இந்தக் கையோடு?

கம்பியைக் கழற்றி நேராக்கலாம் என்று திருப்புளி எடுத்தேன்.
பிறகு வைத்துவிட்டேன்.
அவள் கை அந்தக் கோணலுக்குப் பழகியிருக்கும்.
திருகுகளை மட்டும் இறுக்கினேன்.
தப்பிய துளைகளில் சிலிக்கான் நிரப்பி
ஈர விரலால் வழித்தேன்.
தண்ணீர் இறங்கினால் சுவர் உள்ளுக்குள்ளேயே அழுகும்,
வெளியே ஒன்றும் தெரியாது.

பட்டியலை எடுத்தேன்.
அவள் விட்ட கட்டங்கள் எல்லாவற்றிலும் டிக் அடித்தேன்.
கீழே வெற்றிடம் இருந்தது.
‘கேசட்டும் கூரையும் இனி என் வேலை’ என்று எழுதினேன்.
அடித்தேன். மறுபடி அதையே எழுதினேன்.

அவள் இதைப் படிக்க அடுத்த மே மாதம் ஆகும்.

போன் மேசையில் கிடந்தது.
எண் மாறியிருக்காது, அவள் எதையும் மாற்றுகிறவள் அல்ல.
கை ஈரமாக இருக்கிறதே என்றேன் எனக்கே.
உலர்ந்த துணி
கோட்டுக்குக் கீழே, இரண்டாவது இழுப்பறையில்,
நான்காக மடித்து வைத்திருந்தது.