வளைவின் பாதியில்

அன்று மூன்றாம் பிரிவேளையில் தோற்றுப்போனேன்.
x வர்க்கம் கூட்டல் ஒன்று சமம் பூஜ்யம் என்று
கரும்பலகையில் எழுதினேன்.
தலைகுந்தாவின் காற்று உடைந்த ஜன்னல் வழி வந்து
முன்வரிசை மூக்குகளைச் சிவக்க வைத்தது.
வகுப்பில் வேறெதுவும் நிகழவில்லை.

குறை எண்ணை இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
புல் வெளுத்துக் கருகும் தை மாத விடியலில்
மைனஸ் ஒன்றை மிதித்துத்தான் பள்ளிக்கு வருகிறார்கள்.
கேரட் விதைக்கு வாங்கிய முன்பணம்
மண்டிக்காரர் நோட்டில் சிவப்பாய்க் கிடப்பதும் தெரியும்.
"கடன் புரியுது டீச்சர்.
கடனுக்கு எப்படி வர்க்கமூலம் எடுக்கிறது?
ஒரு சென்ட் கடன் நிலத்துக்குப்
பக்கம் எத்தனை அடி?"
பெள்ளிராஜ் கேட்டான். சிரிப்பு.
பதில் இல்லாததால் நானும் சிரித்தேன்.

"அது மெய்யெண் இல்லை, கற்பனை எண். பேர் ஐ.
பாடத்தில் இருக்கு, எழுதிக்கோங்க."
நான் சொன்ன மோசமான வாக்கியங்களில்
அதற்கு ஓர் இடம் உண்டு.

மாலை, மசினகுடி இறங்கும் மினி பஸ்.
கல்லட்டிச் சரிவில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள்,
ஒவ்வொன்றுக்கும் பின்னம் போல எண் எழுதிய பலகை.
முப்பத்தாறில் பதினான்கு வந்தால்
"சுருக்கினா பதினெட்டில் ஏழு!" என்று
பின் சீட்டு கத்தும்.
அன்று கத்தி முடிப்பதற்குள் பிரேக்.
வளைவு முடியும் இடத்தில் ஒரு காட்டெருது,
சீருடை போல நான்கு கால்களிலும் வெள்ளைக் காலுறை.
எஞ்சின் அணைந்தது. விளக்கு அணையவில்லை.
ஹாரன் அடிக்கக் கூடாதென்று எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் ஜெயசீலி,
மூன்றாம் பிரிவேளையில் வாயே திறக்காதவள்,
பின்னாலிருந்து என் தோளைத் தொட்டாள்.
"வரும்போது வண்டி கிழக்கே பாத்துச்சு.
திரும்பி முடிச்சா மேற்கே பாக்கும்.
அது மைனஸ் ஒன்றால பெருக்கினதுதானே?
இப்போ பாதியில நிக்குது.
இப்போ எங்க பாக்குது, டீச்சர்?"

பார்த்தேன்.
முகப்பு விளக்கு இரண்டும் சாலையை விட்டுவிட்டு
வெட்டவெளிக்குள் நீண்டிருந்தன.
தார் இல்லை. மைல்கல் இல்லை.
மூடுபனி, அதற்கும் அடியில் எங்கோ
சீகூர்க் காட்டின் இருட்டு.
சாலையை மட்டும் அறிந்தவனுக்கு அப்படியொரு திசை கிடையாது.
வெளிச்சம் என்னவோ அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டு பாதி சேர்ந்தாதானே ஒரு வளைவு.
அந்தப் பாதிதான் ஐயா?"

ஆமாம் என்று நான் சொல்வதற்குள்
எருது நகர்ந்து
அந்த இல்லாத திசையிலேயே
அவசரமின்றி இறங்கிப் போனது.

மறுநாள் எண்கோட்டின் நடுவே, பூஜ்யத்தின் மேல்,
செங்குத்தாக ஒரு கோடு இழுத்தேன்.
பெள்ளிராஜ் விடவில்லை:
"இருக்கிறதுக்கு எதுக்குக் கற்பனைன்னு பேரு?"
தெரியலடா. நம்பாத எவனோ வைத்த பட்டப்பெயர்,
பதிவேட்டில் ஏறிவிட்டது.
உன்னைக் கூடத்தான் கட்டையன் என்கிறார்கள்,
ஐந்தே முக்கால் அடி இருக்கிறாய்.

மெய் தனியே நின்றால் தலையில் புள்ளியோடு முடங்கும்.
க் என்று எவ்வளவு நேரம்தான் சொல்வது?
பக்கத்தில் ஓர் ஐ வந்து சேர்ந்தால் கை.
மூன்று கூட்டல் இரண்டு ஐ என்று எழுதி
இதுவும் ஒரு உயிர்மெய்தான் என்றேன்.
தேர்வில் மட்டும் கலப்பெண் என்று எழுதுங்கள்.

ஜெயசீலியின் வீட்டுப்பாட நோட்டில்
விடைக்குக் கீழே, பென்சிலில், சின்னதாக:
அடுத்த வளைவு வலப்பக்கம் திரும்புது.
அதுக்கும் ஒரு பாதி இருக்குமே.
அது எந்த எண்?

சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.
பதினைந்தாம் வளைவு வரட்டும்.