கண்டறியும் எல்லைக்குக் கீழ்

உப்பலவாடிக் கிணற்றில் மூன்று முறை மொண்டேன்.
மூன்று புட்டி.
நான்காவதில் காய்ச்சி வடித்த நீர்,
என் கை சுத்தமா என்று
என்னையே சோதிக்க.

இன்று அறிக்கையோடு வந்திருக்கிறேன்.
ஈயத்துக்கு நேரே:
'கண்டறியும் எல்லைக்குக் கீழ்.'

"அப்ப இல்லதானே?"
இடுப்புக் குடத்தை இறக்காமல் கேட்டார் அஞ்சலாட்சி.

இல்லை என்று சொல்ல
என் கருவிக்குக் கண் போதாது.
இருக்கிறது என்றால்
எவ்வளவு என்பார்.

"பாத்தவரைக்கும் தெரியல" என்றேன்.

"பேய் உண்டான்னு கேட்டா
எங்க மாமியாரும் இதத்தான் சொல்லும்."

மழை முடிந்து மறுபடி எடுக்கிறேன் என்றேன்.
"எடு. கெணறு எங்க போவப்போவுது."

மஞ்சக்குப்பம் திரும்பும் பஸ்ஸில் தாகம்.
கடையில் வாங்கிய பாட்டிலை
மூடி திறக்குமுன்
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
தெளிவாகத்தான் இருந்தது,
கிணற்றைப் போலவே.