முன்னே மாதிரி

கார்ஷியாகா துறையை விட்டு
கப்பல் இன்னும் முழுசாக விலகவில்லை.
எள் தூவிய ரொட்டி வளையத்தை
அம்மா இரண்டாகப் பிய்த்தாள்.
அவ்வளவுதான்.

"சேர்த்து வை" என்றான்.
மூன்று வயதிருக்கும். பெயர் போய்ராஸ்.
வடகிழக்கிலிருந்து வீசும் காற்றுக்கும் இங்கே அதே பெயர்.
வைத்தவர்கள் அப்போதே ஏதோ கண்டிருக்கிறார்கள்.

"முன்னே மாதிரி ஆக்கு!"
இரண்டு துண்டையும் ஒட்டிப் பிடித்துக் காட்டினாள்.
விரலை எடுத்ததும் விழுந்தது.
அவனும் விழுந்தான், மல்லாக்க,
ஈர இரும்புத் தளத்தில்.
குதிகாலால் அவன் உதைத்த உதையில்
கீழே எஞ்சின் ஒரு கணம்
மூச்சு வாங்கியது போலிருந்தது.

முதலில் கண்கள் வந்தன.
ஜன்னலோரத்துச் செய்தித்தாள்
இரண்டு விரற்கடை தாழ்ந்தது.
பிறகு வாய்கள்.
பசி, என்றது ஒன்று.
தூக்கம். கடைவாய்ப் பல். இல்லை, கண் பட்டிருக்கிறது,
சட்டையில் நீலமணி எங்கே?
"எங்க காலத்துல ஒரு பார்வை போதும்" என்றார் ஒருவர்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு
வேறு யாரையோ பார்த்து.
"இதுக்கு அப்பன் கிடையாதா?"
கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அப்புறம் கைகள்.
எலுமிச்சை கொலோனை அம்மாவின் உள்ளங்கையில்
அவள் கேட்காமலே ஊற்றினார்கள்,
மயங்கி விழுந்தவளுக்கு ஊற்றுவது போல.
சர்க்கரைக் கட்டி வந்தது. சாவிக்கொத்து வந்தது.
பூனைகள் ஓடும் கைப்பேசி ஒன்று
நான்கு வரிசை தாண்டிக் கைமாறி வந்தது.
தேநீர்த் தட்டை ஓரம் வைத்துவிட்டு ரிஃப்கி
தன் காசில் முழு வளையம் ஒன்று வாங்கி வந்து
"இந்தா, என் சிங்கமே" என்று குனிந்தான்.

பாவம், அதுதான் தப்பு.
"இது இல்ல! அது! அது!"
ரொட்டிக்காகக் கூடவே பறந்து வந்த கடற்காகங்கள்
ஒரு சுற்று தள்ளிப் போயின.

நானும் பார்த்தேன். மறைக்க மாட்டேன்.
புருவத்தை எவ்வளவு தூக்கினால்
ஒரு தாய் எவ்வளவு குறுகுவாள் என்ற கணக்கு
பிள்ளை பெறாத எனக்கும் தெரிந்திருந்தது.

பத்தரைக்குக் குடும்ப நீதிமன்றம்.
மடியில் நீல உறை.
வீட்டில், வக்கீல் முன்னால், அண்ணன் போனில் அழுதபோது,
ஒரு தடவைகூட நான் குரல் உயர்த்தவில்லை.
எவ்வளவு பக்குவம் என்றார்கள் எல்லோரும்.
கையெழுத்துகூட கோணாமல் வந்தது.

முன்னே மாதிரி, முன்னே மாதிரி என்று
அவன் தொண்டை கிழிந்துகொண்டிருக்க
உறையின் ஒரு மூலையை நான்
மடித்து, நீவி, மடித்து
அது கையோடு பிய்ந்து வந்திருந்தது.

அவள் ஒன்றும் செய்யவில்லை.
ஈரத்தைப் பார்க்காமல் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.
"ஆமா. உடைஞ்சிருச்சு" என்றாள்.
கொஞ்சம் கழித்து மறுபடியும்,
"ஆமா."

அதற்குள் இங்கே இரண்டு கட்சி ஆகிவிட்டது.
ஒன்று கொடுத்தால் அடங்கும் என்பவர்கள் இடப்பக்கம்.
கை வைக்கக் கூடாது என்பவர்கள் வலப்பக்கம்.
செய்தித்தாள்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.
ஒரு பாட்டில் உருண்டது, யாரோ யாரையோ
மரியாதை இல்லாமல் பேசினார்கள்.
பையன் எப்போது நிறுத்தினான் என்று
ஒருவருக்கும் தெரியாது.
ஒரு பாதியைத் தின்றுகொண்டிருந்தான்.
மறு பாதி கையிடுக்கில்.
கன்னத்தில் சளியும் எள்ளும்.

கோனாக் வந்தது. கயிறு வீசினார்கள்.
தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டது
இருபது நிமிடமும் காதில் பாட்டு மாட்டியிருந்த ஒரு பெண்.
சண்டை இறங்குபலகை வரை தொடர்ந்தது.

எல்லோருக்கும் பின்னால் நான்.
பலகையில் கால் வைக்கும் முன்
என் குதிகால் இரும்புத் தளத்தில்
ஓங்கி, ஒரே ஒரு தடவை, இறங்கியது.

முன்னால் போனவர் திரும்பிப் பார்த்தார்.
வழுக்கிவிட்டது, என்றேன்.