மண் இரண்டாம் வகுப்பு

குலசேகரத்தில் லாட்ஜ் அறை.
ஜன்னலுக்குக் கீழே ரப்பர் ஷீட் காய்கிற நாற்றம்.
விமானம் மூன்று நாள் பறந்து போய்விட்டது.
மிச்சம் என்னிடம்:
கோதையாற்றுக்கு மேலே
நாற்பது கோடிப் புள்ளிகள்.

நூறு கதிர் இறங்கினால்
இலையில் தொண்ணூறு, கொப்பில் ஏழு.
மூன்று மட்டும்
வெயில் நுழையாத சந்து பார்த்துப் போய்
மண்ணைத் தொட்டுவிட்டு வருகிறது.
அந்த மூன்றை நம்பித்தான் எனக்குச் சம்பளம்.

மென்பொருளில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு.
மண் இரண்டாம் வகுப்பு.
மரங்கள் ஐந்து.
எதிலும் சேராதது ஏழு, அதற்குப் பெயர் இரைச்சல்.
காட்டுக்கு மேலே, கொப்பு எட்டாத உயரத்தில்
ஒரேயொரு புள்ளி நின்றது.
பொந்துக்குத் திரும்பும் வழியில்
ஓர் இருவாச்சி லேசரில் உரசியிருக்கும்.
ஏழில் போட்டேன்.

பிறகு ஐந்தை அணைத்தேன்.
வெடிப்பலா, நாங்கு, ஈத்தல் புதர்
ஒரே தட்டில் போயிற்று.
கோடாலிச் சத்தம் இல்லை, யானை ஓடவில்லை.
மொட்டை மலை சாம்பலாய்க் கிடந்தது.
அதன் விலாவில், சரிவை மதிக்காமல்
நேரே போகிறது ஒரு கோடு.
திரும்புகிறது. மறுபடி திரும்புகிறது.
மலை இப்படித் திரும்பாது.

"கோட்டை!" என்றார் தாணுலிங்கம் சார், போனிலேயே.
"பழைய எஸ்டேட் லயமாக்கும்" என்றான் ஜெஸ்பின்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்று கதிருக்கு அவ்வளவு பேச வராது.

வியாழக்கிழமை ஏறினோம்.
காலுறைக்குள் புகையிலைத் தூள், அப்படியும் அட்டை.
முன்னால் வெட்டுக்கத்தியோடு
வேட்டைத் தடுப்புக் காவலர் மாதேவன் காணி,
எங்களைவிட இளையவன்,
நாலு மாதச் சம்பளம் பாக்கி.
"எதைத் தேடுதிய?"
"ஒரு மூலையை."
"காட்டுல ஏது மூலை?"

இலைக்கு அடியில் ஜிபிஎஸ் தடுமாறியது.
பத்தடிக்குப் பச்சை, திரும்பினால் பச்சை.
நான் அழித்ததெல்லாம்
ஆளுயரத்துக்கு மேலே நின்றது.
மழை. ஒரு மேட்டில் ஒதுங்கி
மரச்சீனியும் சாளைப் புளிமுளமும் தின்றோம்.
ஜெஸ்பின் பாசிக்கல்லில் கை துடைத்தான்.
ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு இறங்கினோம்.

இரவு, நடந்த தடத்தை
மொட்டை மலைமேல் போட்டுப் பார்த்தேன்.
குடிகாரன் கிறுக்கியது போல ஒரு சிவப்பு நூல்
அந்தக் கோட்டை
நாலு தடவை தாண்டியிருக்கிறது.
ஓரிடத்தில் மட்டும்
இருபத்திரண்டு நிமிடம் முடிச்சு.

மூலை.

மாதேவனைக் கூப்பிட்டேன், சிக்னல் இல்லை.
மீன்முள்ளை அங்கேதான் போட்டோம்.