கரண்ட் வந்துட்டு

தச்சநல்லூர் மின்வாரியப் புகார் அறையில்
ராத்திரி வேலை எனக்கு, ஒன்பது வருஷமாக.
ஒரு மேஜை, ஒரு ஃபோன், நீள நோட்டு.
நோட்டில் ஐந்து கட்டம்:
நேரம், தெரு, புகார், போன ஆள், குறிப்பு.
குறிப்பில் யாரும் எதுவும் எழுதியதில்லை.
டீக் கறை உண்டு.

ஃபோன் அடித்தால் எங்கோ இருட்டு என்று அர்த்தம்.
"என்ன வே, தூங்குதீரா?"
"பிள்ளைக்கு விடிஞ்சா பரீட்சை, நீரு வந்து சொல்லிக் குடுப்பீரா?"
"ஃபேன் நின்னு முக்கா மணி நேரம்,
மாமியாளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு."
ஒன்பது வருஷத்தில் ஒருத்தர்கூட
வெளிச்சத்தில் இருந்துகொண்டு கூப்பிட்டதில்லை.

நான் மட்டும் என்னவாம்.
தலை வலித்தால்தான் தலை இருப்பது தெரியும்.
அப்படித்தான் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
கையில் பட்டையைச் சுற்றிய டாக்டரம்மா,
என் மகளைவிட இளையவள்,
"நூத்தறுபது, நூறு" என்றாள்.
மாத்திரை எழுதினாள். உப்பைக் குறைக்கச் சொன்னாள்.
பேனாவை மூடிக்கொண்டே,
"தினம் நல்லதா நடந்த மூணு விஷயம் எழுதுங்க சார்,
அதுக்கு யார் காரணமோ அவங்க பேரோட."
எனக்குச் சிரிப்பு வந்தது.
உப்பையும் குறைக்கணும்,
உப்பிட்டவரையும் நினைக்கணும்.

முதல் ராத்திரி, குறிப்புக் கட்டத்தில்:
கொசு குறைவு.
யாருக்கு நன்றி? கார்ப்பரேஷனுக்கா?
அடித்துவிட்டேன்.

மறுநாள்: டீ சூடாக இருந்தது.
காரணம்: டீக்கடைக்காரர்.
பேர்?
ஒன்பது வருஷம் குடித்திருக்கிறேன்.
போய்க் கேட்டேன். "மிக்கேல் அடைக்கலம்" என்றார்,
கடன் கேட்கப் போகிறேனோ என்கிற முகத்தோடு.

ஐப்பசி கடைசியில் அந்த மழை.
சிந்துபூந்துறை மொத்தமும் அணைந்தது.
சொரிமுத்து போனான்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
நனைந்த கம்பத்தில் ஏறுகிறவன்.
நாற்பது நிமிஷம் அவன் செல் எடுக்கவில்லை.
ஊர் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டிருந்தது,
நான் "சரிங்க, சரிங்க" என்று
அவன் பொண்டாட்டி பேரை ஞாபகப்படுத்திப் பார்த்தேன்.
வரவில்லை.
அப்புறம் அவனே கூப்பிட்டான். "எறங்கிட்டேன்ணே."
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
சொரிமுத்து இறங்கினான்.
மூன்று கேட்டிருந்தாள் டாக்டரம்மா.
அன்றைக்கு ஒன்றுக்குமேல் கை ஓடவில்லை.

ரெண்டே முக்காலுக்கு மறுபடி மணி.
ஒரு பெண் குரல், தூக்கத்தோடு.
"சார், கரண்ட் வந்துட்டு."
"எந்தத் தெரும்மா? எப்போ போச்சு?"
"போகலை சார். வந்துட்டு. அதச் சொல்லத்தான்."
வைத்துவிட்டாள்.
நேரம் எழுதினேன். தெரு தெரியாது.
புகார் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
சின்னதாக ஒரு கோடு போட்டேன்,
கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது.

அன்று பகலில் தூங்கினேன்,
பக்கத்து வீட்டில் போர் போடும் சத்தத்திலும்.

போன வாரம் நூற்று நாற்பத்தெட்டு, தொண்ணூற்றாறு.
நோட்டாலா, உப்பாலா, மாத்திரையாலா,
அவளுக்கும் தெரியவில்லை.
"எதையும் நிறுத்தாதீங்க" என்றாள்.

இன்று விடியற்காலை மீனாட்சிபுரம் வீட்டில்
குழாயில் தண்ணீர் கனமாக விழுந்தது.
உலகம்மாள் குடத்தை மாற்றுகிற இடைவெளியில்
குடிநீர் ஆபீஸ் நம்பரைத் தேடிப் போட்டேன்.
"சொல்லுங்க, எந்த ஏரியா? தண்ணி வரலையா?"
"வந்துட்டு."
"கலங்கலா வருதா?"
"நல்லா வருது."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"யாரு சார் நீங்க?"