பதினேழாம் எண்ணின் உப்பு

நான்கு நாள் பல் துலக்கக் கூடாது.
பிரஷ், பற்பொடி, வெறும் விரல், எதுவும்.
காலையில் பத்து மில்லி, இரவில் பத்து மில்லி,
ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.
குப்பியில் எண் மட்டும்.
பாதியில் கிருமியைக் கொல்லும் மருந்து,
பாதியில் புதினா வாசம் காட்டும் தண்ணீர்.
எது எவருக்கென்று
அவர்களுக்கும் தெரியாது,
பல்லில் சாயம் தடவி
அழுக்கை அளக்கப்போகும் எனக்கும் தெரியாது.
விவரம் பேராசிரியரின் இரும்பு அலமாரியில்.

மூன்றாம் நாள் சாயங்காலம்
அம்மாப்பேட்டையில் பசித்தது.
தள்ளுவண்டிக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தது
பதினேழாம் எண்.
வண்டியின் நெற்றியில் பெயர் இருந்தது:
செங்கோடன் தட்டுவடை செட்.
பீட்ரூட் துருவிய அந்த விரல்கள்
என் சாயத்தைவிடச் சிவப்பு.

கடித்தேன்.
சேலத்துக்கு ஏது கடல்?
என் நாக்கில் வந்து உட்கார்ந்தது.

"சட்னில உப்பு தூக்கல்னு
ரெண்டு நாளா எல்லாரும் திட்டுறாங்க, டாக்டரம்மா.
எனக்கு மட்டும் சப்புன்னு இருக்கு.
என் நாக்கை உங்க குப்பி வாங்கிக்கிச்சு."

வெறும் தண்ணீர் உப்பைத் திருடாது.
பக்கவிளைவுப் பட்டியலில்
பரீட்சைக்காக உருப்போட்ட அரை வரி
வாயெல்லாம் எரிந்தது.
தூரத்தில் ஏற்காட்டு மலையில்
ஒரு லாரியின் வெளிச்சம்
வளைவுக்கு வளைவு மறைந்து மறைந்து தெரிந்தது.
எனக்கு ஒரேயடியாகத் தெரிந்துவிட்டது.

தெரிந்தவள் அளக்கக் கூடாது.
வேலை செய்யும் மருந்து என்று நம்பிவிட்ட கண்
இரண்டை ஒன்று என்று படிக்கும்.
ரெஹானாவிடம் சொன்னேன், அந்த ஒருவரை நீ பார்.
'காரணம்' என்ற கட்டத்தில் எழுதினேன்:
சட்னியில் உப்பு.
பேராசிரியர் இரண்டு முறை படித்தார்,
ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் நாள்
திரைக்கு இந்தப்புறம் பேனாவோடு நான்.
அந்தப்புறமிருந்து ரெஹானாவின் குரல்:
ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம்,
கீழ்க் கடைவாயின் உள்பக்கம் மட்டும் மூன்று.
எந்த ஊரிலும் குப்பைவண்டி போகாத சந்து
ஒன்றாவது இருக்கும்.

"மிச்சத்த எடுத்துட்டுப் போகட்டுமா?
துலக்குற வேலை மிச்சம்."
வேண்டாம்ணே, பிரஷ்ஷைப் பிடிங்க.
இதையே நம்பினா பல்லு பழுப்பேறும்,
நாக்கு போகும், யாவாரமும் போகும்.

சிரித்தார்.
அவ்வளவு சாயம் தடவியும்
பற்கள் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தன.
கை கொடுத்துவிட்டுப் போனார்.
என் உள்ளங்கைதான் சிவந்திருந்தது.